யார் எழுதினால் பிழை?

(திண்டிவனத்தில் முதல் தலைமுறைக் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



‘ஆங்கிலத்தில் நாம் செய்யும் தவறுகள்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஆராய்ச்சி மாணவி, இலக்கணப் பாடம் எடுப்பாள் என்று நினைத்து அழைத்திருக்கலாம். கொஞ்சம் பாடமும் உண்டு. அதற்கு முன்னால் ஒரு கேள்வி. ஒருவர் தப்பாக ஆங்கிலம் எழுதினால் இன்னொருவருக்கு ஏன் எரிச்சல் வருகிறது? யார் எழுதினாலும் அந்த எரிச்சல் வருகிறதா?

முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். விவசாயக் கூலிக் குடும்பங்களின் கடன் பற்றிய கட்டுரை. கடனுக்கான ஆங்கிலச் சொல்லின் நடுவில் ஒரு ‘பி’ இருக்கும். எழுத்தில் இருப்பதை அப்படியே ‘டெப்ட்’ என்று படித்தேன். பின்வரிசையில் சிரித்தார்கள். “பி சைலண்ட்மா, டெட்” என்று ஒருவர் திருத்தினார். மறுபடியும் சிரிப்பு. என் அம்மாவைப் போன்ற பெண்கள் வாங்கிய கடனுக்கு எவ்வளவு வட்டி கட்டினார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தேன். அதைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. அதன் பிறகு ஓராண்டுக்கு நான் எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்கவில்லை.

பிறகுதான் அந்த ‘பி’ எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்தச் சொல்லில் ‘பி’ கிடையாது. லத்தீன் மூலத்தில் ‘பி’ உண்டு என்று காட்டுவதற்காகப் படித்தவர்கள் பிற்காலத்தில் அதைச் செருகினார்கள். மக்கள் நாக்கு அதை ஏற்கவில்லை. ‘ரிசிப்ட்’ என்ற சொல்லில் ஒலிக்காமல் கிடக்கும் ‘பி’க்கும் இதே கதைதான். தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’ இன்னும் வேடிக்கை. அது பழைய ஆங்கிலச் சொல். லத்தீன் சொல்லோடு உறவு என்று தவறாக எண்ணி அதில் ஒரு ‘எஸ்’ சேர்த்தார்கள். அந்தப் பிழை இன்றைக்கும் அகராதியில் இருக்கிறது. ஷேக்ஸ்பியர் போட்டதாக ஏற்கப்பட்ட கையெழுத்துகள் ஆறு. அவற்றில் அவர் பெயரே ஒரே மாதிரி எழுதப்படவில்லை. வெப்ஸ்டர் 1828இல் வெளியிட்ட அகராதியில் ‘கலர்’ என்ற சொல்லின் ‘யு’வை நீக்கினார். அமெரிக்காவுக்கு அதுவே சரியான எழுத்துக்கூட்டல் ஆனது. அறிஞர்கள் செய்த பிழை விதியாகிவிட்டது. அந்தப் பிழையை உள்ளபடி படித்த நான் முட்டாள் ஆனேன்.

நம் ஊருக்கு வருவோம். இன்று காலை விழுப்புரத்தில் பஸ் ஏறி, விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு வழியாக இங்கே வந்தேன். விழுப்புரத்தை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? ரயில் நிலையப் பலகையில் ‘எல்’ இரண்டு, ‘பி’ ஒன்று. மாவட்ட நிர்வாகத்தின் இணையதள முகவரியில் ‘எல்’ ஒன்று, ‘பி’ இரண்டு. இரண்டிலும் ‘ழ’ இல்லை. தூத்துக்குடியை ‘டூட்டிகொரின்’ என்றும் செங்கல்பட்டை ‘சிங்கிள்புட்’ என்றும் வெள்ளைக்காரன் எழுதினான். அது தப்பு என்று யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நாம்தான் அப்படியே திருப்பி எழுதினோம். 2020இல் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை போட்டது. புதிய எழுத்துகளையே மக்கள் கேலி செய்தார்கள். ஜூன் மாதம் செய்தி வெளியே வந்தது, அதே மாதம் ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். பிழை நேர்ந்தால் அரசு திரும்பப் பெறலாம். யாருடைய சான்றிதழும் அதனால் நிராகரிக்கப்படாது.

நமக்கு அப்படி இல்லை. என் தம்பி பெயர் எழிலன். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘ழ’வுக்கு ‘இசட் ஹெச்’. சாதிச் சான்றிதழில் ‘எல்’. ஆதாரில் ‘ஐ’ இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ‘ஈ’. மூன்றையும் எழுதியவர்கள் மூன்று அலுவலகங்களில் உட்கார்ந்திருந்தவர்கள். அதைச் சரிபார்க்க எங்கள் அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கல்வி உதவித்தொகை ஓராண்டு நின்றுபோனது. “உன் பேரை உனக்கே ஒழுங்கா எழுதத் தெரியாதா?” என்று அவனைத்தான் கேட்டார்கள்.

சாதிப் பெயர்களிலும் இதுதான் நிலை. தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளின் அட்டவணையில் ‘பறையன்’ என்ற பெயரை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதி ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறார்கள். அப்படிச் சேர்க்காத இடங்களில் ஒரு எழுத்தை மாற்றவும் நாடாளுமன்றம் போக வேண்டும். ஏனென்றால் பட்டியலில் உள்ளதை உள்ளபடிதான் படிக்க வேண்டும், நீதிமன்றமே ஆனாலும் அதில் சேர்க்கவோ நீக்கவோ முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2000இல் மிலிந்த் வழக்கில் சொல்லிவிட்டது. சத்தீஸ்கரில் பூயின்யா, பூயியான், பூயான் என்று ஒலிக்கும் பெயர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கவும், பாண்டோ என்ற பெயரை இந்தி எழுத்தில் மூன்று விதமாக ஏற்கவும் தனிச் சட்டம் தேவைப்பட்டது. மக்களவையில் 2022 டிசம்பரிலும் மாநிலங்களவையில் 2023 ஜூலையிலும்தான் அது நிறைவேறியது. சான்றிதழுக்கு அலைவது என்றால் என்ன என்று திண்டிவனத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்குள்ள இருளர் குடும்பங்களைக் கேட்டால் போதும்.

ஆங்கிலத்தில் எனக்கும் எரிச்சல் தரும் ஒரு பிழை உண்டு. அது எழுத்துப்பிழை அல்ல. பறையர் என்ற நம் சொல்லிலிருந்து ஆங்கிலம் ‘பரையா’ என்ற சொல்லை உண்டாக்கிக்கொண்டது. ஒதுக்கப்பட்டவர், யாரும் சேர்க்கக் கூடாதவர் என்று அதற்குப் பொருள். உலக நாடுகள் ஒதுக்கிவைத்த அரசை ‘பரையா ஸ்டேட்’ என்று நாளேடுகள் எழுதுகின்றன. தெருநாய்க்கும் பருந்துக்கும் அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். ‘இட்ஸ்’ என்பதில் ஒற்றைக் குறி தவறினால் முகம் சுளிக்கும் ஆசிரியர்கள், இந்தச் சொல்லைத் தயங்காமல் அச்சிடுகிறார்கள். திண்டிவனத்துக்கு வடக்கே மதுராந்தகம் பக்கம் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி இழிவு செய்தார்களோ அதே பெயரில் உரிமை கேட்டார். எது தவறான சொல்வழக்கு என்பதைத் தீர்மானிக்கும் உரிமை நமக்கும் உண்டு என்பதற்கு அவர் முன்னோடி.

இப்போது பாடத்துக்கு வருகிறேன். நாம் செய்யும் தவறுகளில் பல, அறியாமையால் வருவதல்ல. தமிழில் யோசிப்பதால் வருகின்றன. ‘இன்று காலை’ என்பதை ‘டுடே மார்னிங்’ என்கிறோம், ‘திஸ் மார்னிங்’ என்பதே அங்கே வழக்கு. ‘பற்றி விவாதித்தோம்’ என்பதால் ‘டிஸ்கஸ் அபவுட்’ வருகிறது, அந்த ‘அபவுட்’ வேண்டாம். ‘நண்பர்களில் ஒருவன்’ என்று தமிழிலும் பன்மைதான். ஆகவே ‘ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ்’. அத்தை மகனுக்கும் சித்தப்பா மகனுக்கும் வேறுபாடு பார்க்கும் நாம் ‘கசின் பிரதர்’ என்கிறோம், அங்கே ‘கசின்’ போதும். ‘ப்ரிபோன்’ நம் நாட்டில் பரவிய சொல். கம்பெனி அதிகாரிகளும் சேர்ந்து பயன்படுத்தினார்கள், ஆக்ஸ்ஃபோர்டு அகராதி சேர்த்துக்கொண்டது. பேசுகிறவர் கை ஓங்கியிருந்தால் அகராதியும் வழிவிடும்.

அப்படியென்றால் தப்பாகவே எழுதலாமா என்று ஒரு தங்கை கேட்கக்கூடும். கூடாது. வேலைக்கான விண்ணப்பத்தைப் படிப்பவர் உங்கள் வரலாற்றைப் படிக்கப் போவதில்லை, இரண்டாவது வரியில் உள்ள பிழையைத்தான் பார்ப்பார். அது அநியாயம்தான். அந்த அநியாயத்தை எதிர்த்து மனு எழுதவும் அதே ஆங்கிலம்தான் வேண்டியிருக்கிறது. அதனால் அகராதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதியதை இன்னொருவரிடம் காட்டுங்கள். உங்கள் பெயரையும் அப்பா பெயரையும் ஊர்ப் பெயரையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, எந்த அலுவலகம் போனாலும் எடுத்துப் போங்கள். தட்டச்சு செய்பவர் முடித்ததும் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வீட்டில் படிக்காதவர்களுக்கும் நீங்களே பார்த்துக் கொடுங்கள்.

இன்னொன்று. நம்மில் கொஞ்சம் ஆங்கிலம் வந்துவிட்ட பிறகு, வராதவரைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கம் நமக்கும் வருகிறது. எனக்கும் வந்தது. இளநிலை மாணவன் ஒருவன் அனுப்பிய மின்னஞ்சலைத் தோழியிடம் காட்டிச் சிரித்திருக்கிறேன். அன்று இரவு அந்தக் கருத்தரங்கின் பின்வரிசை நினைவுக்கு வந்தது. மறுநாள் அவனைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்துத் திருத்திக் கொடுத்தேன். பத்து நிமிடம் ஆனது. நான் சிரித்தது அவனுக்கு இன்றுவரை தெரியாது.

1936இல் லாகூர் மாநாட்டுக்கு அம்பேத்கர் ஆங்கிலத்தில் ஓர் உரை தயாரித்தார். அழைத்தவர்கள் அதைப் படித்துவிட்டுச் சில பகுதிகளை மாற்றச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்று அவர் பதில் எழுதினார். மாநாடு நடக்கவில்லை. தன் சொந்தச் செலவில் உரையை அச்சிட்டார். அதுதான் ‘சாதி ஒழிப்பு’. காற்புள்ளியை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்தவர் என்பதால், அதை நீக்கச் சொன்னவர்களிடம் முடியாது என்று சொல்ல அவரால் முடிந்தது. நாமும் அதற்காகத்தான் கற்க வேண்டும். கற்றுக்கொண்டிருக்கும்போது பிழை வரும். வரட்டும், வாயை மட்டும் மூடிக்கொள்ளாதீர்கள். நான் அந்த ஓராண்டில் கேட்காமல் விட்ட கேள்விகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன.