சாவா மூவாப் பேராடு



சோழர் காலத்தில் நம் புழல் ஒரு கோட்டத்துக்கே பெயர் தந்தது. திருவொற்றியூரும் புழற்கோட்டத்தில் அடங்கியதே. அக்காலத்தில் கோயில்களும் கிராமங்களுக்குக் கடன் கொடுத்தன. முதலாம் இராஜராஜன் (985–1014) காலத்தில் தஞ்சைப் பெரிய கோயிலின் பணத்தை ஏற்ற கிராம சபைகள், காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்கு 12½, வட்டி செலுத்தின. பொறுப்பு தனியொருவனுடையதன்று, சபையாருடையது.

ஆடுகளும் முதலாக விடப்பட்டன. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் பெற்ற இடையர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். ஆடு இறப்பினும் மூப்படையினும் குட்டிகளால் எண்ணிக்கையை நிரப்பவேண்டும். ஆதலின் ‘சாவா மூவாப் பேராடு’ என்றனர். மாட்டுக்கென வாங்கிய கடன் காதுகுத்துக்குச் செலவாவதை நான் கண்டிருக்கிறேன். அம்முதல் செத்த ஆடே.

ஆட்டைப் பற்றிச் சீமைச் செய்தியும் ஒன்றுண்டு. 13-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மடாலயங்கள் சில, வரும் ஆண்டுகளின் கம்பளியை இத்தாலிய வியாபாரிகளுக்கு முன்பணம் பெற்று விற்றன. ஆடுகளுக்குச் சொறிநோய் கண்டதும், பேசியபடி கம்பளி கொடுக்க இயலாது கடனில் அமிழ்ந்தன. கதிர் முற்றுமுன் வியாபாரியிடம் நெல்லுக்கு விலை பேசுவோர் இதைக் கவனிப்பார்களாக.

இனித் தவணைக் கணக்கைப் பார்ப்போம். காரியதரிசியவர்கள் பேரேட்டைக் கொண்டுவரலாம்.