“முன்னாடியே பார்த்திருந்தா…?”

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

இந்த மேடையில் வழக்கமாக விடுதி, மெஸ், கட் அடித்த வகுப்பு என்று பேசுவோம். இன்று நம் அப்பாக்களைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். சங்கத்தார் சம்மதித்தார்கள்.

என் தந்தையார் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். 70 வயதில் இரவில் நாலைந்து தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பார். வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர், “வயசானா புராஸ்டேட் வீங்கத்தான் செய்யும்” என்று மாத்திரை கொடுத்தார். ஒன்றரை வருடம் கழித்து விடாத இடுப்பு வலி. வேறொரு மருத்துவமனையில் பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை, பயாப்ஸி, எலும்பு ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். புற்றுநோய், எலும்புக்கும் பரவியிருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே கேள்வி: “முன்னாடியே பார்த்திருந்தா?” தம்பி வழக்குப் போடணும் என்று நின்றான். அம்மா யாரிடமும் பேசவில்லை. அப்பாவைத் தவிர எல்லோரும் அந்த ஒன்றரை வருடத்திலேயே குடியிருந்தோம்.

கடைசியில் புற்றுநோய் மருத்துவரிடமே கேட்டோம். அவர் சொன்னதன் சாரம் இது: வயதானால் பெரும்பாலான ஆண்களுக்கு இந்தச் சுரப்பி வீங்கும், அது புற்றுநோய் அல்ல. ஆனால் தொந்தரவு ஒரே மாதிரி இருக்கும். ஆரம்பப் புற்றுநோய் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. சாதாரண வீக்கத்திலும் கிருமித் தொற்றிலும்கூட பி.எஸ்.ஏ. ஏறும். “அன்றைக்கே ஒரு பி.எஸ்.ஏ. எடுத்திருக்கலாம், அது நியாயமான பேச்சு. ஆனா அன்றைக்கு நோய் எந்த நிலையில் இருந்ததுன்னு இன்றைக்கு யாராலும் உறுதியாச் சொல்ல முடியாது.”

குற்றம் என்றும் சொல்லவில்லை, குற்றமில்லை என்றும் சொல்லவில்லை. எங்களுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. அப்பாதான் முடித்து வைத்தார்: “கிழிச்ச காலண்டரைத் திரும்ப ஒட்டி என்னடா பண்ணப் போறே? அடுத்த ஊசி எப்போன்னு கேளு.”

தம்பி வழக்குப் போடவில்லை. நடந்ததை முதல் மருத்துவருக்குக் கடிதமாக எழுதினான், அடுத்த நோயாளிக்காவது உதவட்டும் என்று.

ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இந்நோய் அடங்கும் என்று 1941-இல் காட்டியவர் சார்லஸ் ஹக்கின்ஸ். 1966-இல் நோபல் பரிசு பெற்றார். அந்த வழியில் வந்த ஊசியைத்தான் அப்பா மூன்று மாதத்துக்கு ஒரு முறை போட்டுக்கொள்கிறார். அசதி உண்டு, திடீர் உடல் சூடு உண்டு. பரவிய நோயை முழுதாகக் குணப்படுத்த முடியாது, பிடித்து வைக்கலாம். நாலு வருடமாகப் பிடித்து வைத்திருக்கிறோம். பேத்திக்குக் கணக்கு சொல்லித் தருகிறார்.

மாணவச் செல்வங்களே, இந்தச் சங்கதியை எந்த அப்பாவும் தானாகச் சொல்ல மாட்டார். “ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கீங்கப்பா?” என்று நீங்கள் கேளுங்கள். சிறுநீரில் இரத்தம், விடாத எலும்பு வலி என்றால் தாமதிக்காதீர்கள்.

நண்பர்களே, நமக்கும் 50 தாண்டிவிட்டது. பி.எஸ்.ஏ. எல்லோருக்கும் கட்டாயமல்ல, தேவையில்லாத பயாப்ஸியிலும் சிகிச்சையிலும் கொண்டுபோய் விடலாம். மருத்துவரிடம் நன்மை தீமை கேட்டு முடிவு செய்யுங்கள். தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் நமக்கு வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே நோய் வந்துவிட்டதா? “முன்னாடியே” என்ற கேள்வியை உரியவரிடம் ஒரு முறை நேராகக் கேளுங்கள். பிறகு அப்பா பக்கத்தில் போய் உட்காருங்கள்.