எட்டும் கையே இலக்கணம்
(விழா நாளில் துறையூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'இல்லத்தில் ஒரு நூலகம்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். நான் சமணக் குடியிற் பிறந்தவள் அல்லேன். ஆயினும், தமிழை முறையாகப் பயின்ற எவரும் சமணர்க்குக் கடன்பட்டவரே. அக்கடனில் ஒரு சிறு பகுதியைத் திருப்பித் தரும் வாய்ப்பாக இதனைக் கருதுகிறேன்.

உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம் என நால்வகைத் தானங்களை உங்கள் சான்றோர் வகுத்தனர். பசித்தவனுக்குச் சோறு எப்படியோ, அப்படியே அறிய விழைபவனுக்கு நூல். பத்தாம் நூற்றாண்டில் கருநாடகத்தில் வாழ்ந்த அத்திமப்பை என்னும் அம்மையார், பொன்னர் இயற்றிய சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார் என்பது வரலாறு. அச்சுப்பொறி இல்லாத காலத்தில் ஆயிரம் படிகள் என்றால், ஆயிரம் முறை ஒருவர் அமர்ந்து எழுத்தாணி பிடித்தார் என்று பொருள்.

நம் தமிழகத்துக்கு வருவோம். 1880ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ.வே. சாமிநாதையர், சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கற்கத் தலைப்பட்டார். சமண சமயக் கருத்துகள் வருமிடங்களில் பொருள் விளங்காமல் இடர்ப்பட்டார். அவ்வூரில் இருந்த சமணர் இல்லத்தை நாடிச் சென்றார். அங்கே வாயிலில் கோலமும் தோரணமும் பொலிந்தன. 'என்ன விசேடம்?' என்று வினவினால், சிந்தாமணியைப் படித்து முடித்த நிறைவு விழா என்று அறிகிறார். எந்த நூலுக்குப் பொருள் தெரியாமல் அவர் தவித்தாரோ, அதே நூல் ஓர் இல்லத்தின் கூடத்தில் பலர் கேட்கப் படிக்கப்பட்டு வந்திருந்தது! சந்திரநாத செட்டியார் முதலிய சமண அன்பர்கள் அவருடைய ஐயங்களைத் தீர்த்தனர். 1887இல் சிந்தாமணி அச்சேறியது.

இந்நிகழ்ச்சியை வகுப்பறையில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அதன் உட்பொருள் எனக்கே விளங்கியது ஓய்வு பெற்ற பிறகுதான். அக்காப்பியம் பிழைத்தது சுவடியாக இருந்ததனால் மட்டும் அன்று. வீட்டுக் கூடத்தில் அவிழ்த்துப் படிக்கப்பட்டதனாலும் ஆகும். எனக்கு அது விளங்கிய வகையைக் கூற வேண்டுமானால், என் குற்றத்தைக் கூற வேண்டும்.

ஆசிரியப் பணியில் சேர்ந்த முதலாண்டிலிருந்து நூல்கள் வாங்கினேன். கண்ணாடிக் கதவு பொருத்திய அலமாரி ஒன்று செய்வித்து, சுவரோடு சேர்த்து நிறுத்தி, பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். வருவோர் வியந்தனர், நான் மகிழ்ந்தேன். ஒருநாள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வீட்டிற்கு வந்தாள். பாட்டு எழுதும் ஆர்வம் உடையவள். கண்ணாடிக்குப் பின்னே இருந்த பெரிய அகராதியைச் சுட்டி, "இரண்டு நாள் கொடுங்கள் அம்மா, பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்றாள். "கிழித்துவிடுவாய், பள்ளிக்கூடத்தில் பார்த்துக்கொள்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும் எதையும் கேட்கவும் இல்லை.

ஆண்டுகள் சென்றன. ஓய்வு பெற்றபின் வீட்டுக்கு வெள்ளையடிக்க அலமாரியை நகர்த்தினோம். பின்புறம் சுவரிலிருந்து கரையான் ஏறியிருந்தது. முன்னாலிருந்து பார்த்தால் நூல்களின் முதுகுகள் வரிசை குலையாமல் நின்றன. அந்த அகராதியைக் கையில் எடுத்தேன். அட்டை இருந்தது, உள்ளே மண் இருந்தது. எண்ணிப் பார்த்தேன். நாற்பத்திரண்டு நூல்கள் போயின. ஒரு மாணவிக்கு இரண்டு நாள் தர மறுத்ததைக் கரையானுக்கு முழுமையாகக் கொடுத்திருந்தேன்.

பூட்டுவதே பிழை என்று சொல்ல வரவில்லை. கருநாடகத்து மூடபித்ரியில் தவளம் முதலிய உரைகளின் ஓலைச் சுவடிகள் பல நூற்றாண்டுகள் பேணப்பட்டன. வேறெங்கும் கிடைக்காத ஏடுகள் அவை. பூட்டியிராவிடில் அவை நமக்கு எஞ்சியிரா. ஆனால் படியெடுக்கப்பட்டு, 1939 முதல் அச்சில் வெளிவந்த பின்னரே, வணங்கப்பட்ட ஏடு கற்கப்படும் நூலாயிற்று. பேணுதலும் திறத்தலும் ஒரே கடமையின் இரு கைகள். நான் ஒரு கையை மட்டும் பயன்படுத்தினேன். அதையும் செம்மையாகச் செய்யவில்லை.

சீர்காழியில் 1892இல் தோன்றிய கணித ஆசிரியர் எஸ்.ஆர். ரங்கநாதன், பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். அவற்றுள் முதலாவது, நூல் பயன்படுத்துவதற்கு உரியது என்பது. ஐந்தாவது, நூலகம் வளரும் உயிர் போன்றது என்பது. மாபெரும் நூலகங்களுக்கு வகுத்த இவ்விதிகள் மூன்றடி அகல அலமாரிக்கும் பொருந்தும். அவ்வாறு நான் மீண்டும் அமைத்த சிறு நூலகத்தைப் பற்றிச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படக்கூடும்.

முதலில் இடம். உள்ளறையை விடுத்து, வாயிலுக்கு அருகே கூடத்தில் அமைத்தேன். குளியலறைச் சுவரும், மழைச்சாரல் படும் சுவரும், நேர் வெயில் விழும் இடமும் ஆகா. ஈரம் பூஞ்சையைத் தரும், வெயில் நிறத்தை உண்ணும். சுவருக்கும் அலமாரிக்கும் நான்கு விரல் இடைவெளி விட்டேன். கீழ்த்தட்டு தரையிலிருந்து அரையடி உயரத்தில் நிற்கிறது. பின்புறம் பலகை அடிக்கவில்லை. காற்றும் புகும், கரையான் வந்தால் கண்ணும் புகும்.

அடுத்து அளவு. பலகை மூன்றடிக்கு மேல் நீண்டால் நூல்களின் பாரத்தால் நடுவில் தொய்யும். மூன்றடித் தட்டில் ஏறத்தாழ நாற்பத்தைந்து நூல்கள் நிற்கும். மூன்று தட்டுகள் போதும். நூற்று முப்பது நூல்கள். ஐந்தில் ஒரு பங்கு இடத்தை வெறுமையாக விடுங்கள். நெருக்கி அடுக்கிய நூலைக் குழந்தை இழுத்தால் முதுகு கிழியும். வளரும் உயிருக்கு வளர இடமும் வேண்டும்.

கீழ்த்தட்டு இரண்டும் குழந்தைகளுக்கு. மேல்தட்டுத்தான் பெரியவர்களுக்கு. நாம் வழக்கமாக இதைத் தலைகீழாகச் செய்கிறோம். வீட்டு நூலகத்துக்கு நான் கற்ற ஒரே இலக்கணம் இதுதான்: எட்டும் கையே இலக்கணம்.

இனி நிறம். நூல்களுக்கு நெகிழித் தாள் உறை இட்டால் உள்ளே ஈரம் தங்கும். உங்கள் முன்னோர் சுவடிகளைத் துணியில் பொதிந்து வைத்ததை நினைத்தேன். பெட்டியிலிருந்த பழைய பருத்திச் சேலைகளை வெட்டி உறைகள் தைத்தேன். சிவப்பு, மஞ்சள், வெள்ளை, பச்சை, கருநீலம் என்று ஐந்து நிறங்கள். உங்கள் கொடியின் நிறங்களே அவை. அவற்றின் பொருளை நான் எடுத்துக்கொள்ளவில்லை, ஐந்தும் ஒருங்கே நிற்கும் அழகை மட்டுமே கடன் பெற்றேன். கதைக்குச் சிவப்பு, பாட்டுக்கு மஞ்சள், அறநூல்களுக்கு வெள்ளை, செடி, விலங்கு, இயற்கைக்குப் பச்சை, வரலாற்றுக்கும் அறிவியலுக்கும் கருநீலம். எழுத்துக் கூட்டத் தெரியாத என் பேத்தி, எடுத்த நூலை எடுத்த இடத்தில் வைக்கிறாள். நிறம் அவளுக்கு அகர வரிசை. 'இது பாட்டியின் கல்யாணத்திற்குப் பின் வாங்கிய சேலை' என்று நூலை எடுக்கும்போதெல்லாம் சொல்லவும் செய்கிறாள்.

பூச்சிக்கு வசம்புத் துண்டுகளையும் உலர்ந்த வேப்பிலையையும் சிறு துணியில் முடிந்து தட்டின் ஓரத்தில் வைக்கிறேன். ஆனால் இவற்றினும் சிறந்த காப்பு, நூலை அடிக்கடி எடுப்பது. இதையும் உங்களிடமே கற்றேன். சுருத பஞ்சமியன்று சுவடிகளை வெளியே எடுத்து, தூசு துடைத்து, புதுத்துணி சுற்றி வழிபடும் வழக்கம் உண்டல்லவா? அது வழிபாடாகவும் இருக்கிறது, நூற்பாதுகாப்பாகவும் இருக்கிறது. நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை ஈரம் தணிந்து தையில் வெயில் வரும்போது நான் ஒருமுறை எல்லா நூல்களையும் இறக்கி நிழலில் உலர்த்துகிறேன். தெருப்பிள்ளைகள் உதவிக்கு வருகிறார்கள். உலர்த்த வந்தவர்கள் படிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். வேலை இரண்டு நாள் ஆகிறது.

சனிக்கிழமை மாலை யார் வேண்டுமானாலும் வந்து ஒரு நூல் கொண்டு போகலாம். ஒரு குறிப்பேட்டில் அவர்களே பெயர் எழுதுவார்கள். 'திரும்பி வருமா?' என்று கேட்பீர்கள். இந்நாள்வரை வராதவை நான்கு. பூட்டி வைத்த காலத்தில் கரையான் தின்றவை நாற்பத்திரண்டு. கணக்கு உங்கள் குலத்துக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த மாணவி இன்று எங்கிருக்கிறாள் என்று அறியேன். புதிய அகராதி ஒன்று வாங்கினேன். அதை மட்டும் உறையிடாமல், கீழ்த்தட்டின் நடுவில், யார் வந்தாலும் முதலில் கண்ணில் படும்படி வைத்திருக்கிறேன். அதன் ஓரங்கள் அழுக்கேறிவிட்டன. இரண்டு பக்கங்கள் கிழிந்து ஒட்டப்பட்டுள்ளன. அதைக் காணும்போது மனம் சற்று ஆறுகிறது.

அறக்கட்டளைப் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். பரிசாகக் கேடயம் வழங்கும் இடங்களில் நூல் வழங்குங்கள். இல்லத்தார்க்கு ஒரு விண்ணப்பம். அடுத்த விழாவிற்குள் மூன்றடிப் பலகை ஒன்று உங்கள் கூடத்தில், உங்கள் வீட்டுச் சின்னஞ்சிறு கைக்கு எட்டும் உயரத்தில் இடம்பெறட்டும். பத்து நூல்களே இருந்தாலும் போதும். அதில் ஒன்றை வீட்டிலுள்ளோர் கேட்க உரக்கப் படித்து முடியுங்கள். முடித்த நாளில் வாயிலில் கோலமிட்டுத் தோரணம் கட்டுங்கள். தெருவில் செல்பவர் ஒருவர் நின்று, என்ன விசேடம் என்று கேட்கக்கூடும். அவரை உள்ளே அழையுங்கள்.