சென்னையில் இரண்டு கலைக்கூடங்கள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கல்லிடைக்குறிச்சியில் நின்றுகொண்டு சென்னையின் கலைக்கூடங்களைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். நம் குலசேகரமுடையார் கோயில் நடராசரே காரணம். 1982இல் களவுபோன அப்பெருமான், கடல் கடந்து ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரக் கலைக்கூடத்தில் காட்சிப்பொருளாக நின்றார். அக்கூடம் அவரை விலைகொடுத்து வாங்கியது 2001இல். தமிழகம் திரும்பியது 2019 செப்டம்பரில். அதன்பின் எந்தக் கலைக்கூடத்துக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் சிலையை நாடுவதில்லை; அதன் கீழுள்ள பெயர்ச்சீட்டையே நாடுகிறது.

எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தோன்றியது. முதலில் கோட்டையைச் சார்ந்த கல்லூரிக் கட்டடத்தில் இருந்ததனாலேயே சென்னை மக்கள் அதைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குக் காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்தனர் என்பர். பாமரர் வைத்த பெயர்தான். ஆனால் எந்தப் புலவரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

அங்குள்ள செப்புத் திருமேனிகளில் பல மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தவை. ஆபத்துக் காலத்தில் யாரோ புதைத்துவிட்டுப் போனார்கள். எடுக்கத் திரும்பி வரவில்லை. பின்னாளில் ஏர் முனையிலோ மண்வெட்டியிலோ தட்டுப்பட்டபோது, 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் வழியே அவை அரசிடம் வந்தன. திருவாலங்காட்டு நடராசர், திருவெண்காட்டு அர்த்தநாரி என ஊர்ப்பெயரே அவற்றின் முகவரி. பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் இந்த அருங்காட்சியக நடராசரைப் புகைப்படத்தில் மட்டுமே கண்டு மயங்கி எழுதினார். அக்கட்டுரை 1921இல் அச்சேறியது. ஆனால் மெழுகில் உருப்பிடித்து, மண் பூசி, உலோகம் உருக்கி வார்த்த கைக்கு உரியவர் யார்? சீட்டில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. ஊர் உண்டு, ஆள் இல்லை.

நகரின் தென்கோடியில் ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலத்தின் கதை வேறு. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர்தம் மாணவரும் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்ற பணத்தில் கடலோரத்தில் நிலம் வாங்கிக் குடியேறிய கலைஞர் கிராமம் அது. சென்னைக் கலை இயக்கத்துக்கான அருங்காட்சியகம் அங்கே 2009இல் திறக்கப்பட்டது. இங்கே ஒவ்வொரு படைப்பும் ஆக்கியவர் பெயரோடு நிற்கிறது. ராமானுஜம், சுல்தான் அலி, ஜானகிராம் என்று அறிந்தவர் விரல்விட்டு எண்ணுவர்.

ஜானகிராமைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். அவர் உலோகத்தை வார்க்கவில்லை; தகட்டைத் தட்டி உருவாக்கினார். முன்பக்கம் மட்டுமே பேசும் அவ்வுருவங்களைக் கண்டால், நம் கோயில்களில் மூலவருக்குச் சாத்தும் கவசம் நினைவுக்கு வராமல் போகாது. அந்தக் கவசம் எந்த ஊர்க் கோயிலினுடையது என்று சீட்டைத் தேடினேன், அது சொல்லாது. நவீனக் கலைஞனுக்கு ஊர் எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நான் அவர்களோடு உடன்படுவதில்லை.

எழும்பூரில் ஆள் விடுபட்டதற்குக் காலத்தை நோகலாம். சோழமண்டலத்தில் ஊர் விடுபட்டதற்கு நாகரிகத்தை நோகலாம். களவுச் சிலைக்கோ இரண்டுமே வேண்டுமென்றே அழிக்கப்படுகின்றன. ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும்வரை அது ஓர் ஊரின் சாமி. பெயர் உதிர்ந்தால்தான் சந்தையில் விலைபோகும் 'பழங்கலைப் பொருள்'. திருடன் முதலில் களவாடுவது அந்தப் பெயரைத்தான்.

ஆகவே கவிஞர்களாகிய உங்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கவிதையோடு ஒரு பக்க உரைநடையும் எழுதி வாருங்கள். உங்கள் தெருக் கோயிலில் உள்ள ஒரே ஒரு திருமேனி, அதன் உயரம், கைகள் ஏந்தியவை, பீடத்தில் தேய்ந்த இடம், எந்த நாளில் புறப்பாடு, முடிவில் ஊரின் பெயர். ஆதிவராகர் கோயிலை நான் எடுத்துக்கொள்கிறேன்.