முயற்கொம்பும் முதற்பொருளும்

திருச்சிற்றம்பலம்.



நேற்றைய சொற்பொழிவு நிறைவுற்றுத் திருநீறு வழங்கும் வேளையில், கல்லூரியிற் பயிலும் பிள்ளை ஒருவர் அடியேனிடம் ஒரு வினா விடுத்தார். "ஐயா, இறைவன் வாக்குக்கும் மனத்துக்கும் எட்டாதவன் என்கிறீர்கள். எட்டாத ஒன்றைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசவும் செய்கிறீர்கள். முயற்கொம்பைப் பற்றிப் பேசுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?" அருகில் நின்ற பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தனர். அடியேனுக்கோ மகிழ்ச்சியே உண்டாயிற்று. கேட்க வேண்டிய வினாவைத்தான் அவர் கேட்டார். 13-ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் விளங்கிய மெய்கண்ட தேவரே இதனை எடுத்துக்கொண்டு விடை கூறியிருக்கிறார். இன்று அதனைச் சிந்திப்போம்.

முதலில் முயற்கொம்பையே பார்ப்போம். முயற்கொம்பு, ஆகாயத் தாமரை, ஆமை மயிர்க் கம்பலம், மலடி மகன் என்று இல்லாப் பொருள்களுக்கு நம் நூலோர் ஒரு வரிசையே வைத்திருக்கின்றனர். (மலடி என்னும் சொல் தாய்மார் மனத்தைப் புண்படுத்தும். தருக்க நூல் வழக்கு என்பதால் அடியேன் எடுத்தாண்டேன். வீட்டில் அதனை வழங்க வேண்டா.) 'மலடி மகன் தன் பேரனுக்கு ஆமை மயிரால் போர்வை நெய்தான்' என்று ஒரு குழந்தையிடம் சொல்லிப் பாருங்கள், சிரிக்கும். பொருள் விளங்கியதனாலன்றோ சிரிப்பு வந்தது! வெறும் எழுத்துக்களை வாய்க்கு வந்தபடி அடுக்கினால் அச்சிரிப்பு வாராது. ஆகவே இல்லாப் பொருளைக் கூறும் சொல்லுக்கும் பொருள் உண்டு. மெய்ம்மைதான் இல்லை.

பொருள் எவ்வாறு வந்தது? முயல் உண்டு. கொம்பும் உண்டு, ஆவின் தலையிலே. முயலினது கொம்பு என்று ஆறாம் வேற்றுமை கூட்டிவைக்கும் உறவு ஒன்றே இல்லை. அதனால் 'முயலுக்குக் கொம்பில்லை' என்பது முழு உண்மையாகிறது. அது உள்ளதாகிய முயலைப் பற்றிய செய்தி. மலடி மகனோ இன்னும் ஒரு படி மேல். அங்கே ஒரு சொல்லே மற்றொரு சொல்லைக் கொன்றுவிடுகிறது; ஊரெங்கும் தேடிப் பார்த்து இல்லையென்று சொல்லவேண்டிய தேவையே இல்லை.

இல்லாப் பொருளை எவ்வாறு சொல்லவேண்டும் என்பதற்கும் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் விதி வகுத்தார். உரையாசிரியர்கள் அதற்குப் பவளக் கொம்புடைய நீல யானையை எடுத்துக்காட்டி, அது சாதவாகனன் அரண்மனைக்குள்ளும் இல்லை என்று உம்மை கொடுத்துக் கூறுவர். எல்லாச் செல்வமும் குவிந்த அரண்மனையிலேயே இல்லையென்றால் வேறெங்கு இருக்கப்போகிறது? ஓர் உம்மைக்குள் உலகம் முழுவதையும் தேடி முடித்துவிட்டார்கள்!

சரி, அம்முயற்கொம்பு கூரியதா, மழுங்கியதா? கூரியது என்பாரும் மழுங்கியது என்பாரும் வழக்கிட்டால் தீர்ப்புக் கூற எவராலும் இயலாது. பௌத்தரோடு வாதிட்ட நியாய நூற்பேராசிரியர் உதயனாசாரியர், இத்தகைய இடத்தில் வாய் திறவாதிருத்தலே அறிவுடைமை என்னும் கருத்தினர். நல்ல கருத்து. உள்ளே பொருளில்லாத இடத்தில் பொய்ச்சாட்சியைக்கூடப் பிடிக்க முடியாது.

இப்போது திருவண்ணாமலைக்கு வாருங்கள். அடிமுடி காணப்படாத சோதியாய்ப் பெருமான் நின்றான். திருமால் பன்றியாய் அகழ்ந்து சென்று, திரும்பி வந்து, 'அடியைக் காணவில்லை' என்றார். அன்னமாய்ப் பறந்த நான்முகனோ 'முடியைக் கண்டேன்' என்றார். தாழம்பூவைச் சாட்சிக்கும் அழைத்தார். இருவருமே அளவு கண்டவரல்லர். ஆயினும் ஒருவர் சொல் மெய்யாயிற்று, மற்றவர் சொல் பொய்யாயிற்று. தாழம்பூவைச் சிவபூசைக்குப் பொதுவாகக் கொள்ளாமைக்கு இப்பொய்ச்சாட்சியே காரணமாகக் கூறப்படுகிறது. அளந்தறிய முடியாத பொருளைப் பற்றியும் மெய் வேறு, பொய் வேறு என்று பிரிந்து நிற்கின்றன. முயற்கொம்பினிடத்தில் அவை பிரியா. 'காணவில்லை' என்னும் சொல்லும் இறைவனைப் பற்றிய மெய்யுரையே என்பதைத் திருமால் நமக்குக் காட்டினார்.

'கதை சொன்னால் போதுமா? அது உண்டு என்பதற்குச் சான்று ஆகுமா?' என்று அப்பிள்ளை மறுபடியும் கேட்பார். ஆகாது. சான்று வேறிடத்தில் இருக்கிறது. சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் முதலாவது, தோன்றி நின்று ஒடுங்கும் இவ்வுலகைக் காட்டி, அதற்கு வினைமுதல் ஒருவன் உண்டென நிறுவுகிறது. பானையைக் கண்டு குயவனைக் கருதுகிறோம். முயற்கொம்பால் இதுவரை ஒரு பானையும் ஆனதில்லை; அதனைக் கருதும்படி செய்கின்ற காரியம் எதுவும் உலகில் இல்லை.

ஆறாம் சூத்திரத்தில்தான் நம் வினாவுக்கு நேர்விடை உள்ளது. இது, அது என்று நம் சுட்டறிவால் அறியப்படுவன எல்லாம் அசத்து. அசத்து என்றால் சித்தாந்தத்தில் இல்லாதது என்று பொருளன்று. நிலையாது மாறுவது என்று பொருள். இவ்விடத்தில் பலரும் இடறுவர். இனி, எவ்வாற்றானும் எக்காலத்தும் அறியப்படாதது எதுவோ அது சூனியம். முயற்கொம்பு அங்கே சேரும். இறைவன் சுட்டியறியப்படுபவன் என்றால் மாறுபவன் ஆவான். அறவே அறியப்படாதவன் என்றால் முயற்கொம்பு ஆவான். இவ்விரு திறனும் அல்லாத சிவசத்து அவன் என்று மெய்கண்டார் முடிவு கூறினார். சுட்டறிவுக்கு எட்டாதவன், அருளறிவுக்கு எட்டுபவன். கயிறு குட்டையானால் கிணற்று நீர் எட்டாது. அதனால் கிணறு வறண்டது என்று எவரும் சொல்லுவதில்லை. நீண்ட கயிறு வேண்டும், அவ்வளவே. அக்கயிற்றையும் அவனே தருகிறான் என்பது சைவத்தின் துணிபு. மாதவச் சிவஞான முனிவர் மாபாடியத்தில் இவ்விடத்தை விரித்துரைப்பது, ஓய்வுடையோர் ஒருமுறையேனும் கற்கத்தக்கது.

'உருவம் உண்டு என்கிறீர்கள், அருவம் என்கிறீர்கள், ஆணும் பெண்ணுமானவன் என்கிறீர்கள். இது மலடி மகன் போல் தன்னைத்தானே வெட்டும் பேச்சன்றோ?' எனின், அன்று. ஒரே நோக்கில் உண்டென்றும் இல்லையென்றும் சொன்னால்தான் முரண். சுவாமிமலையில் முருகனைத் தகப்பன்சாமி என்கிறோம். பெற்ற முறையால் மகன், உபதேச முறையால் குரு, எவரும் குழம்புவதில்லை. பெருமானுக்கு வினையால் வரும் உடம்பில்லை, ஆகவே அருவம். அருளால் மேற்கொள்ளும் திருமேனி உண்டு, ஆகவே உருவம். திருச்செங்கோட்டில் அம்மையப்பராய் நிற்கும் திருவுருவில் வலப்பாகம் ஆண், இடப்பாகம் பெண். ஒரு பாகமே இரண்டும் என்று எவரும் சொல்லவில்லை.

தில்லைக்குச் சென்றவர்கள் நடராசப் பெருமான் சந்நிதியில் இரகசியத் திரை விலகக் கண்டிருப்பீர்கள். அங்கே பொன்னாலாகிய வில்வமாலை தொங்கும். வேறு திருவுருவம் எதுவும் இராது. 'ஒன்றுமில்லையே' என்று திரும்புவாரும் உளர். அடியார்களோ கை கூப்பி, கண்ணீர் மல்க நிற்கின்றனர். மாலை அணியப்பெற்ற மார்பு வெளியாகிய மார்பு என்பது அவர்களுக்குத் தெரியும்.

திருச்சிற்றம்பலம்.