எண்ணிக்கையா, நம்பிக்கையா?

(ஜமாஅத் வணிகர்கள் மற்றும் இளைஞர்கள் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

சமூக ஊடகங்களின் வழியே வணிகத்தை வளர்ப்பது குறித்து எங்கள் அனுபவங்களை எடுத்துரைக்குமாறு பணிக்கப்பட்டுள்ளோம். தலைப்பைக் கேட்டவுடன் இந்த அவையில் இருவகையான எண்ணங்கள் எழுந்திருக்கும். "கைப்பேசியில் படம் போட்டால் சரக்கு விற்றுவிடுமா?" என மூத்தவர்கள் எண்ணியிருப்பார்கள். "பத்தாயிரம் பேர் பின்தொடர்ந்தால் போதும், கடைக்கு வாடகை கொடுக்கவே வேண்டியதில்லை" என இளைஞர்கள் எண்ணியிருப்பார்கள். இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. மீதிப் பாதியை நாங்கள் நட்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டோம். அதையே இங்கு பகிர்ந்துகொள்கின்றோம்.

வாய்மொழியாய் வளர்ந்த ஊர்

நம் திருப்பூர் விளம்பரத்தால் வளர்ந்த ஊர் அன்று. இத்தாலியைச் சேர்ந்த வெரோனா என்னும் இறக்குமதியாளர், பம்பாய் ஏற்றுமதியாளர்கள் வாயிலாக வெள்ளை டீ சர்ட் வாங்குவதற்காக 1978ஆம் ஆண்டு இங்கு வந்தார். சரக்கு திருப்தியாக இருந்தது. அவரைத் தொடர்ந்து ஐரோப்பாவின் பிற நிறுவனங்களும் வந்தன. ஒருவர் வாங்கியது நன்றாக இருந்ததால் மற்றவர் வந்தார் என்பதே நம் ஏற்றுமதி வரலாற்றின் தொடக்கம்.

காதர்பேட்டையின் கதையும் இதுவேயாம். இரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே வந்துவிடும் தொலைவில் இருக்கும் இந்தக் கடைவீதிக்குக் கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வியாபாரிகள் வந்தார்கள். துணியைத் தொட்டுப் பார்த்தார்கள், தையலை இழுத்துப் பார்த்தார்கள், விலை பேசினார்கள், மூட்டை கட்டினார்கள். சரக்கு சரியாக இருந்தால் அடுத்த மாதம் தம் மைத்துனரையும் அழைத்து வந்தார்கள். பின்தொடர்பவர் என்னும் சொல் நமக்குப் புதிது. பின்தொடர்ந்து வரும் வாடிக்கையாளர் நமக்குப் பழையவர்.

2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. இரயில்கள் நின்றன. கடைகளைத் திறக்க அனுமதி கிடைத்த பின்னரும் வெளியூர் வியாபாரிகளால் வர இயலவில்லை. குடோனில் சரக்கு இருந்தது, வாங்குவோர் இல்லை. அந்நாள்களில் எந்தக் கடை பிழைத்தது என எண்ணிப் பாருங்கள். வாடிக்கையாளர்களின் கைப்பேசி எண்களைப் பதிந்து வைத்திருந்த கடை பிழைத்தது. சரக்கைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, பணம் வந்ததும் பார்சல் சர்வீஸில் ஏற்றி அனுப்பினார்கள். கல்லாவை மட்டுமே நம்பியிருந்தவர்கள் காத்திருந்தார்கள். நாங்களும் காத்திருந்தவர்களில் அடக்கம்.

எங்களுக்கு நேர்ந்த முதல் நட்டம்

தாமதமாக விழித்துக்கொண்ட அவசரத்தில் ஒரு தவறு செய்தோம். இன்ஸ்டாகிராமில் கடையின் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி, பின்தொடர்பவர்களைச் சேர்த்துத் தருவதாகக் கூறிய ஒருவரிடம் பணம் கொடுத்தோம். ஒரே வாரத்தில் எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டியது. வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் மூன்று மாதங்களில் அந்தப் பத்தாயிரம் பேரில் ஒருவர்கூட ஒரு பீஸ் வாங்கவில்லை. "விலை என்ன?" எனக் கேட்டவரும் இல்லை. பெயர்களைத் திறந்து பார்த்தபோதுதான் பலவற்றில் படமும் இல்லை, பதிவும் இல்லை, ஆளும் இல்லை எனத் தெரிந்தது.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் நிறுவனம் போலிக் கணக்குகளை நீக்கியபோதும், 2018 ஜூலையில் டுவிட்டர் நிறுவனம் முடக்கப்பட்ட கணக்குகளை எண்ணிக்கையிலிருந்து கழித்தபோதும், உலகப் புகழ் பெற்றவர்களின் எண்ணிக்கையே சட்டென்று சரிந்தது. மேலும், ஆளில்லாக் கணக்குகளால் இன்னொரு தீங்கும் உண்டு. ஒரு பதிவை முதலில் பார்ப்பவர்கள் அதில் ஆர்வம் காட்டினால்தான் அந்த நிறுவனங்களின் கணினி அதனை மேலும் பலருக்குக் காட்டுகின்றது. பத்தாயிரம் பேர் இருந்தும் பத்துப் பேர்கூடத் திரும்பிப் பார்க்காத பதிவை அது ஓரங்கட்டிவிடுகின்றது. ஆக, காசு கொடுத்து எங்கள் கடையை நாங்களே மறைத்துக்கொண்டோம்.

உண்மையான பின்தொடர்பவர் யார் என்பதை வாட்ஸ்அப்பில் உள்ள ஒரு சிறு விதி எங்களுக்கு உணர்த்தியது. பிராட்காஸ்ட் பட்டியல் என்னும் வசதியில் ஒரே செய்தியை 256 பேர் வரை அனுப்பலாம். ஆனால் நம் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அச்செய்தி சென்று சேரும். நாம் அவர் எண்ணை வைத்திருந்தால் போதாது, அவரும் நம் எண்ணை வைத்திருக்க வேண்டும். கடையின் பெயரிட்டு நம் எண்ணைப் பதிந்து வைக்குமளவுக்கு ஒருவர் நம்மை மதிக்கின்றார் என்றால், அவரே நம் பின்தொடர்பவர். அத்தகையோர் இருநூறு பேர் இருந்தால் ஒரு சிறு கடைக்கு அது பெரும் செல்வம்.

எதைப் பதிவிடுவது?

"தினமும் எதைப் பதிவிடுவது?" என இளைஞர்கள் கேட்கின்றார்கள். "இன்று ஆஃபர், நாளை கடைசி நாள்" என்று கூவுவதை எவரும் நெடுநாள் பார்ப்பதில்லை. இந்த ஊரில் பிறந்தவர்களுக்குத் தெரிந்ததும் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாததுமான செய்திகள் ஏராளம். அவற்றைச் சொல்லிக் கொடுத்தாலே போதும்.

எடுத்துக்காட்டாக, "180 ஜிஎஸ்எம் துணி" என எல்லோரும் எழுதுகின்றார்கள். ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம் எடை கொண்டது என்பதே அதன் பொருள். இதனை வாங்குபவர் எப்படி அறிவார்? ஜிஎஸ்எம் கட்டரை வைத்து 100 சதுர சென்டிமீட்டர் அளவுள்ள வட்டத்தை வெட்டி, சிறு தராசில் வைத்துக் காட்டுங்கள். 1.8 கிராம் வந்தால் அது 180 ஜிஎஸ்எம். ஒரு நிமிடத்திற்கும் குறைவான இந்தக் காணொளியே எங்கள் பதிவுகளில் மிகுதியான விசாரணைகளைப் பெற்றுத் தந்தது.

அதேபோல, புதிய டீ சர்ட்டை அளந்து காட்டி, மூன்று முறை துவைத்தபின் மீண்டும் அளந்து காட்டலாம். சிங்கிள் ஜெர்ஸி துணியில் துவைத்தபின் பக்கத் தையல் முன்பக்கமாகத் திரும்பும் குறை எதனால் வருகின்றது என விளக்கலாம். நனைத்த வெள்ளைத் துணியால் சாயத்தைத் தேய்த்துக் காட்டலாம். ஏற்றுமதி மிகுதிச் சரக்குக்கும் செகண்ட்ஸ் சரக்குக்கும் உள்ள வேறுபாட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

முக்கியமாக, குறையைக் காட்டுங்கள். சிறு துளை இருக்கின்றதா, சாய வேறுபாடு இருக்கின்றதா, கேமராவை அதன் அருகே கொண்டு செல்லுங்கள். "இந்த லாட்டில் இந்தக் குறை உண்டு, ஆகவே இந்த விலை" என்று சொல்லுங்கள். சரக்கின் குறையை மறைத்து விற்கக்கூடாது என்பது நாம் சிறுவயது முதலே கேட்டு வளர்ந்த பாடம். துணியைத் தொட்டுப் பார்க்க முடியாத தொலைவில் இருப்பவரிடம் விற்கும்போது அப்பாடம் இன்னும் கண்டிப்பாகப் பொருந்துகின்றது.

அழித்த பின்னூட்டம்

எங்கள் இரண்டாவது தவறு முதலாவதைவிடப் பெரிது. ஒருமுறை ஒரு லாட்டில் இரண்டு சாய வேறுபாடுகள் கலந்துவிட்டன. செக்கிங்கில் கவனிக்காமல் அனுப்பிவிட்டோம். அதனை வாங்கியவர் வீட்டிலிருந்தே துணி விற்கும் ஒரு பெண்மணி. தம் வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டதாக எங்கள் பதிவின் கீழ் அவர் வருத்தத்துடன் எழுதினார். நாங்கள் அதை அழித்துவிட்டோம். அழிப்பதற்குமுன் அவர் அதனைப் படமாக எடுத்து வைத்திருந்தார். தம்மைப் போன்ற ரீசெல்லர்கள் நூற்றுக்கணக்கானோர் இருந்த குழுவில் அந்தப் படத்தைப் பகிர்ந்தார். சாய வேறுபாட்டை எவரும் பெரிதாகப் பேசவில்லை. "கேட்டால் அழித்துவிடுவார்கள்" என்பதையே பேசினார்கள். அந்த ஒரே வாரத்தில் நாங்கள் இழந்த வாடிக்கையாளர்களைத் திரும்பப் பெற ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று.

பின்னர் அவரைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டோம். சரக்கைத் திரும்பப் பெற்று முழுப் பணத்தையும் அனுப்பினோம். நடந்ததை எங்கள் பக்கத்திலும் எழுதினோம். எங்கள் எண்ணைப் பதிந்து வைத்திருப்பவர்களில் அவர் இன்றும் ஒருவர். அன்றுமுதல் கடையில் மூன்று விதிகளை வைத்துள்ளோம். கேள்விக்கு அன்றே பதில் சொல்ல வேண்டும். விலையை மறைக்காமல் எல்லோரும் பார்க்கும்படி எழுத வேண்டும். ஏச்சு தவிர்த்த எந்தக் குறையையும் அழிக்கக்கூடாது.

வாடகை நிலம்

அடுத்து ஓர் எச்சரிக்கை. ஊடக நிறுவனங்களின் தளங்கள் நமக்குச் சொந்தமானவை அல்ல. 2018 ஜனவரியில் முகநூல் நிறுவனம், நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கே முதலிடம் என அறிவித்தது. வணிகப் பக்கங்களைப் பார்ப்போர் குறைந்தனர். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. அதுவரை பல இலட்சம் பேர் பின்தொடர்ந்தவர்களும் மறுநாள் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. 2021 அக்டோபர் 4 இரவு முகநூல், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றுபோயின.

ஆகவே, ஒரே தளத்தை நம்பியிருத்தல் கூடாது. வாடிக்கையாளரின் பெயர், ஊர், எண், வாங்கும் சைஸ் ஆகியவற்றை அவர் அனுமதியுடன் ஒரு பேரேட்டில் எழுதி வையுங்கள். நம் பாட்டனார் காலத்துப் பேரேடு இன்றும் பயன்படும். வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பு எண்ணை இன்றே அமையுங்கள். பணம் அனுப்பியதாக வரும் படத்தை நம்பிச் சரக்கை ஏற்றாதீர்கள், வங்கிக் கணக்கைப் பாருங்கள். ஏமாற்றப்பட்டால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யுங்கள்.

சட்டத்தையும் அறிந்திருத்தல் நலம். விற்பவரே வாடிக்கையாளர் போல நடித்துத் தம் பொருளைப் புகழ்ந்து எழுதுவதை 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் தடை செய்கின்றன. காசோ பொருளோ பெற்றுக்கொண்டு ஒருவர் நம் சரக்கைப் பரிந்துரைத்தால், அது விளம்பரம் என்பதை அவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என மத்திய அரசு 2023 ஜனவரியில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பிறருடைய பிராண்டின் பெயரைப் போலியாகப் பொறித்து விற்பது குற்றம். அதையே காணொளியாக்கிப் போடுவது குற்றத்திற்கு நாமே சாட்சியம் அளிப்பதாகும்.

ஒரு காணொளி செய்த கேடு

இறுதியாக, நம் ஊர் நேரில் கண்ட ஒரு நிகழ்வு. 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழகத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. வேறெங்கோ, வேறு காரணங்களால் நடந்தவற்றின் காட்சிகள் இங்கு நடந்தவையாகக் காட்டப்பட்டன. அச்சமுற்ற தொழிலாளர்கள் பலர் ஊர் திரும்ப முற்பட்டனர். காவல்துறை அவை பொய் என அறிவித்தது. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் திருப்பூருக்கும் வந்து தொழிலாளர்களிடம் பேசினார்கள். அவற்றைப் பரப்பியவர்களுக்குப் பார்வைகள் குவிந்தன. அச்சத்தின் விலையைக் கொடுத்தவர்கள் நம்முடன் தறியிலும் தையலிலும் நிற்கும் எளிய மக்கள்.

பார்ப்பவர் எண்ணிக்கையே குறிக்கோளானால் மனிதன் எதையும் பதிவிடத் துணிவான். ஆகவே, தொழிலாளர்களை, குறிப்பாகப் பெண்களை, அவர்தம் சம்மதமின்றிப் படமெடுக்காதீர்கள். சரிபார்க்காத செய்தியைக் கடையின் எண்ணிலிருந்து பகிராதீர்கள். அந்த எண்ணைப் பதிந்து வைத்திருப்பவர் நம் சொல்லை நம்பியே பதிந்து வைத்திருக்கின்றார்.

பெருமக்களே! 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோது, ஒரே சந்தையை நம்பியிருப்பது எத்தகைய துன்பம் என்பதை நம் ஊர் மீண்டும் உணர்ந்தது. உள்நாட்டில் நம்மிடம் நேரடியாக வாங்கும் சிறு வியாபாரிகளும், வீட்டிலிருந்து விற்கும் பெண்களும் நமக்குத் துணை. அவர்களை அடைய இந்த ஊடகங்கள் உதவுகின்றன. நம் ஜமாஅத்தில் கணினி அறிந்த இளைஞர்கள் இருக்கின்றார்கள், துணியறிந்த பெரியவர்களும் இருக்கின்றார்கள். வாரத்தில் ஒரு நாள் மாலை இருவரும் ஒன்றாக அமர்ந்து, சிறு கடைக்காரர்களுக்கும் வீட்டில் தைத்து விற்கும் சகோதரிகளுக்கும் இவற்றைக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்யுமாறு நிர்வாகத்தை அன்புடன் கேட்டுக்கொள்கின்றோம். முதல் வாரத்திற்கு ஜிஎஸ்எம் கட்டரையும் தராசையும் நாங்கள் கொண்டு வருகின்றோம்.