தாமதத்தின் விலையைத் தருபவர் யார்?

(அட்டனில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கட்டுநாயக்கா விமான நிலையத்தைப் பற்றிப் பேசுவதற்கு அட்டன் நகரம் ஏற்ற இடந்தானா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். கடல்மட்டத்துக்கு நாலாயிரம் அடி உயரத்தில், தேயிலைச் செடிகளின் நடுவே வாழும் நமக்கும், நீர்கொழும்புக் கரையோரத்தில் இறங்கும் விமானங்களுக்கும் என்ன உறவு என்று கேட்கவுங்கூடும். உறவு உண்டு. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்கென ஒரு பெண்ணையேனும் அனுப்பாத தோட்டம் இந்த மலையில் அரிது. அந்தப் பெண்கள் விட்டுச் சென்ற பிள்ளைகள் நம் லயங்களில் வளர்கிறார்கள். ஆகவே அந்த நிலையத்தின் வாசல் நமது வாசலுமாகும்.

2017ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் தொடங்கி மூன்று மாத காலம், அந்நிலையத்தின் ஒரே ஓடுபாதை நாள்தோறும் காலை 8.30 மணி முதல் மாலை 4.30 மணி வரை மூடப்பட்டது. மேற்பரப்பைப் புதுப்பிக்கும் வேலை நடந்தது. இருபத்துநான்கு மணி நேரத்தில் வரவேண்டிய விமானங்கள் அனைத்தும் பதினாறு மணி நேரத்துக்குள் நெருக்கப்பட்டன. பயணிகள் வழக்கத்தைவிடப் பல மணி நேரம் முன்னதாக வந்து சேரும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். வரிசைகள் நீண்டன. முனையத்தினுள்ளே நிற்க இடமில்லை. வெளியே உட்கார இடமில்லை.

அந்த வேலை வேண்டாத வேலை என்று நான் சொல்லவில்லை. ஓடுபாதை தேய்ந்தால் புதுப்பிக்கத்தான் வேண்டும். வீட்டைப் பிரித்துக் கட்டும்போது சில நாள் திண்ணையில் படுப்பது எல்லாருக்கும் நேர்வதே. ஆனால் ஓடுபாதை ஒன்றே ஒன்று என்பதும், அது ஒருநாள் தேயும் என்பதும் ஆட்சியாளர் அறியாதவையா? இரண்டாவது சர்வதேச விமான நிலையமென்று 2013 மார்ச் மாதத்தில் மத்தளையில் ஒன்றைத் திறந்தார்கள். இருபது கோடி டொலருக்கு மேல் செலவிட்டார்கள். பயணிகள் இருக்கும் இடத்தில் முனையம் போதவில்லை. முனையம் எழுந்த இடத்திலோ பயணிகள் இல்லை! திட்டமிடுதல் என்பதன் பொருளை இதற்கு மேலும் விளக்க வேண்டுமா?

கட்டுநாயக்காவின் முனையம் ஆண்டுக்கு அறுபது இலட்சம் பேருக்கென அமைந்தது. 2018இல் அதனூடாகச் சென்று வந்தவர்கள் ஒரு கோடிக்கு மேற்பட்டோர். இரண்டாவது முனையம் எழுந்தால் ஒன்றரைக் கோடிப் பேருக்கு இடம் கிடைக்கும் என்றார்கள். ஜப்பானியக் கடனில் 2020 நவம்பரில் கட்டட வேலை தொடங்கிற்று. 2022 ஏப்ரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்தது. கடன் நின்றது, கட்டடமும் நின்றது. 2024 ஜூலையிலேதான் ஜப்பான் தன் தடையை நீக்கியது. நாடு வங்குரோத்தானால் அதன் பலன் விமான நிலைய வரிசையிலும் தெரியும், மருந்துக் கடை வாசலிலும் தெரியும்.

தாமதத்தைப் பற்றி முறையிடுவோரின் குரல் கொழும்புப் பத்திரிகைகளில் ஒலிக்கிறது. உல்லாசப் பயணியின் குரல் அது. வணிகரின் குரல் அது. அவர்களுடைய முறைப்பாடு நியாயமானதே. ஆனால் மஸ்கெலியாவிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் புறப்படும் பெண்ணின் முறைப்பாட்டை யார் எழுதினார்கள்?

அவளுடைய பயணத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். லயத்திலிருந்து பெருந்தெருவுக்கு வர வேண்டும். அங்கிருந்து அட்டன். அட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கலை, எட்டியாந்தோட்டை, அவிசாவளை வழியாகக் கொழும்பு. கொழும்பிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வேறொரு பேருந்து. மழைக்காலத்தில் மண் சரிந்தால் அந்த வழியும் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் அடித்த டித்வா புயல் தெருக்களையும் புகையிரதப் பாதையையும் எப்படிப் பெயர்த்தெறிந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சில மணி நேரம் முன்னதாக வா என்று கொழும்பில் இருப்பவனுக்குச் சொன்னால் அவன் சற்று முந்தி எழுந்திருக்கிறான். மலையில் இருப்பவளுக்குச் சொன்னால் அவள் ஒருநாள் முந்திப் புறப்படுகிறாள்.

அவளை வழியனுப்பத் தந்தையும் கணவனும் உடன் செல்கிறார்கள். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவென வரையறுக்கப்பட்டது. அந்தக் கணக்கில் இருவரும் இரண்டு நாள் பேரை இழந்தால் இழப்பு 5,400 ரூபா. பேருந்துக் கூலியும் சாப்பாட்டுச் செலவும் வேறு. விமானம் ஒருநாள் பிந்தினால் இழப்பு இன்னும் ஏறும். பிரட்டுக்குச் சற்றுப் பிந்தி வந்தவனுக்கு அரைப்பேர் போடும் உலகம் இது. அவனைப் பிந்தச் செய்தவர்களுக்கு எந்தப் பேரைப் போடுவது?

விவசாயிகளான உங்களுக்கும் இதிலே பங்குண்டு. மாலைதீவுக்கும் வளைகுடாவுக்கும் இந்நாட்டு மரக்கறி விமானத்திலே போகிறது. வாடிய கீரைக்கு நட்ட ஈடு கேட்க எந்தக் கந்தோருக்குப் போவது?

அன்பர்களே, இந்த நாட்டு அரசுகளுக்கு விரைவு தெரியாதென்று எண்ணாதீர்கள். புகையிரதம் 1867இல் கண்டிக்கு வந்தது; 1884இல் அட்டனுக்கு ஏறியது; 1885இல் நானுஓயாவைத் தொட்டது. மலையைக் குடைந்தார்கள், பள்ளத்தாக்குகளுக்குப் பாலமிட்டார்கள். யாருக்காக? பயிர் துறைமுகத்துக்குப் போகத் தாமதமாகக்கூடாது என்பதற்காக! பறித்த கொழுந்து காத்திருந்தால் கெட்டுவிடும். ஆகவே தோட்டத்துக்குள்ளேயே தொழிற்சாலை எழுந்தது. கொழுந்துக்குக் காட்டிய அக்கறையைக் கொழுந்தெடுப்பவளுக்குக் காட்டியவர் எவர்?

நம் மக்கள் காத்திருந்த வரலாறு நீண்டது. நோய்த்தடுப்பு என்று மண்டபம் முகாமில் காத்திருந்தார்கள். 1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள். எஞ்சியோர் அதனைப் பெற 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை அனுப்புவதென்று இரண்டு அரசுகள் பேசி முடித்தன. கடவுச்சீட்டுக்காகக் கண்டியில் காத்து, கப்பலுக்காகத் தலைமன்னாரில் காத்து அவர்கள் போனார்கள். 1984இல் கப்பலும் நின்றது. அதற்குப் பிறகும் பலர் காத்தே இருந்தார்கள். 2024இன் பிற்பகுதியில் கடவுச்சீட்டுப் பெறப் பத்தரமுல்லையில் இரவிரவாக மக்கள் வரிசையில் நின்றபோது, நாடு முழுவதும் அதைப் புதுமையாகப் பார்த்தது. நமக்கு அது புதுமையல்ல.

இனி, நாம் கேட்பது என்ன? முனையம் கட்டப்படட்டும், விரைந்து கட்டப்படட்டும். ஆனால் கட்டி முடியும் வரை நான்கு காரியங்கள் செய்யப்பட வேண்டும்.

முதலாவது, பாதை மூடப்படும் நாளும் நேரமும் மாறும் விமான நேரமும் முன்கூட்டியே தமிழிலும் அறிவிக்கப்பட வேண்டும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. அரசியலமைப்பில் எழுதிய எழுத்து அறிவிப்புப் பலகையிலும் எழுதப்பட வேண்டும்.

இரண்டாவது, தூர இடங்களிலிருந்து முந்தி வருவோர் தங்கக் கூரையும், குடிநீரும், மலசலகூடமும் முனையத்துக்கு வெளியே வேண்டும்.

மூன்றாவது, நுவரெலியாவிலிருந்தும் அட்டனிலிருந்தும் விமான நேரங்களுக்குப் பொருந்த அரசாங்க நேர்ப்பேருந்துகள் ஓட வேண்டும். நள்ளிரவில் இறங்கும் பெண், வாடகை வான்காரன் சொல்லும் கூலிக்குத் தன் இரண்டு வருட உழைப்பின் முதற்பங்கைக் கொடுக்கும் நிலை ஒழிய வேண்டும்.

நான்காவது, தாமதத்தால் வரும் செலவை வேலைக்கு அனுப்பும் முகவரே ஏற்க வேண்டும். அதை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். அந்த ஒப்பந்தம் அவள் வாசிக்கக்கூடிய மொழியில் இருக்க வேண்டும்.

இவற்றிலே எதற்கும் பெருங்கடன் வேண்டியதில்லை. எதற்கும் அந்நிய நிபுணர் வேண்டியதில்லை. ஆட்சியாளருக்கு மனம் வேண்டும். அந்த மனம் தானாக வருவதில்லை என்பதை நாட்சம்பளப் போராட்டங்கள் நமக்குக் கற்பித்திருக்கின்றன. இங்கே ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், சட்டத்தரணிகள் இருக்கிறீர்கள். இந்த நான்கு கோரிக்கைகளையும் மனுவாக எழுதுங்கள். தோட்டந்தோறும் கையொப்பம் வாங்குங்கள். பிரதேச சபையிலும் பாராளுமன்றத்திலும் நம் வாக்கைப் பெற்று அமர்ந்திருப்பவர்களின் கையிலே கொடுங்கள். கொடுத்த நாளையும் குறித்து வையுங்கள். இம்முறை காத்திருப்பின் கணக்கை நாம் எழுதுவோம்.